சண்டை முடிந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கு

வடக்கிலும் கிழக்கிலும் 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளே,

உங்களில் மூத்தவர்கள் ஓ.எல். பரீட்சையைத் தாண்டியிருப்பீர்கள். இளையவர்கள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்காக ரியூசனுக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள். செல் கூவிக்கொண்டு வரும் சத்தம் உங்களுக்குத் தெரியாது. கிபிர் விமானம் தெரியாது. பங்கருக்குள் மழைத்தண்ணி ஏறினால் பிள்ளையை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று நீங்கள் யோசித்ததில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியவே கூடாது என்று நேர்ந்துகொண்டவர்கள்தான் உங்கள் அம்மாமார். அந்த நேர்த்தி பலித்துவிட்டது. அதில் எனக்கிருக்கும் நிம்மதியை முதலில் சொல்லிவிட்டே மற்றதை எழுதுகிறேன்.

நான் வலிகாமத்திலும் பிறகு வன்னியிலும் படிப்பித்தவள். உங்களில் சிலருடைய அம்மாவோ அப்பாவோ என்னிடம் எழுத்துக் கூட்டியிருக்கலாம். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலுள்ளவர்கள் சண்டைக்காலத்தில் எப்படிச் சீவித்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். செத்தவர்களைப் பற்றி அறிக்கைகள் இருக்கின்றன, வழக்குகள் இருக்கின்றன, ஜெனீவாவில் தீர்மானங்கள் இருக்கின்றன. உயிரோடு இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு உங்கள் அம்மம்மாவை விட்டால் வேறு சாட்சி இல்லை. அம்மம்மாமாருக்கு வயதாகிக்கொண்டு போகிறது.

உங்களுக்குச் சண்டையைப் பற்றி இரண்டு கதைகள் கிடைக்கின்றன. ஒன்று போனில் வருகிறது. பாட்டுப் பின்னணியில் சீருடையும் துவக்கும் கொடியும். அதில் எல்லோரும் வீரர்கள். ஒருவருக்கும் பசிக்கவில்லை, ஒருவரும் தன் பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை. மற்றது அரசாங்கத்தின் கதை. பயங்கரவாதம் தோற்கடிக்கப்பட்டது, தெருப் போட்டாயிற்று, ரயில் விட்டாயிற்று, பழையதைக் கிளறாதே என்று அது சொல்கிறது. இரண்டு கதைகளிலும் உங்கள் அம்மம்மா இல்லை. ஆனால் இந்த மண்ணில் பள்ளிக்கூடமும் கோவிலும் தோட்டமும் இன்றைக்கும் இருப்பதற்குக் காரணம் அவளைப் போன்றவர்கள்தான். அதை நான் கண்ணால் கண்டேன்.

1990 நடுவில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் என்று ஒரு நீண்ட தடைப்பட்டியல் வந்தது. அதன்பின் வந்த ஐந்து வருடங்களில் சனம் செய்ததை நீங்கள் அறியவேண்டும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், மேலே சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள்தான் இன்றைக்கு உங்கள் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பல வைத்தியர்கள். மோட்டார் சைக்கிளை நாலு சொட்டுப் பெற்றோலில் உதைத்து எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடியது. சவர்க்காரம் இல்லாத வீட்டில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகின. கொழும்புக்குப் போகவேண்டியவர்கள் இருட்டில் கிளாலிக் கடலைப் படகில் கடந்தார்கள். கடற்படை கண்டால் சுடும் என்று தெரிந்துதான் ஏறினார்கள், நேர்முகப் பரீட்சைக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்.

நாங்கள் வகுப்பை விடவில்லை. 1995 செப்டெம்பர் 22 அன்று நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்து பிள்ளைகள் செத்தார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது. அதன்பிறகும் தாய்மார் பிள்ளைகளைத் தலையிழுத்து, வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பினார்கள். அது துணிச்சலா, வேறு வழியில்லாமையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டில் இருந்தாலும் குண்டு விழும், பள்ளிக்கூடத்தில் இருந்தால் ஒரு பாடமாவது படிக்கும் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னா. அவவுடைய கணக்கு எனக்குச் சரியாகவே பட்டது.

பிறகு 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. நாலைந்து லட்சம் சனம், அடைமழை, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். சைக்கிளில் அரிசிப் பை, அதன்மேல் கிழவி, கையில் ஆட்டுக்குட்டி. பாலத்தடியில் மணிக்கணக்காக ஓர் அடியும் நகரமுடியாமல் நின்றோம். தென்மராட்சிக்காரர் தங்கள் வீடுகளின் விறாந்தையை, மாட்டுக்கொட்டிலை, கிணற்றடியை எங்களுக்குத் தந்தார்கள். ஒரு வீட்டுக்குள் பத்துக் குடும்பம், ஒரு கிணற்றுக்கு நூறு பேர், ஒரு மலசலகூடத்துக்கு விடிய நாலு மணிக்கே வரிசை. அந்த ஆறு மாதத்தில் எத்தனை சண்டை, எத்தனை உதவி! இடம் தந்தவர்களின் பெயரை ஒரு புத்தகமும் எழுதவில்லை. சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில் பக்கத்துப் பிள்ளைகளே, உங்கள் அப்பப்பாவிடம் கேளுங்கள், அவர் எத்தனை குடும்பங்களை வைத்திருந்தார் என்று.

வன்னிக் கதை இதைவிடக் கடினமானது. 2009-ஐப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்றால், அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டே கேட்கப் போங்கள்.

முதலாவது, பயம். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் என்று பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரைப் புனர்வாழ்வில் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். வெளியே வந்த பிறகும் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். அப்படி ஒருவர் இருந்த வீட்டில் பழங்கதையைச் சத்தமாகப் பேசமாட்டார்கள். 2024 மே மாதத்தில்கூட, சம்பூரில் செத்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்கள் கைதானார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சிக்கே அப்படியென்றால் உங்கள் அம்மா ஏன் பேசுவா?

மற்றக் காரணத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதவேண்டும். சுதந்திரபுரத்திலிருந்து மாத்தளனுக்கும், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் தறப்பாளைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடிய மாதங்களில், செத்தவரைப் புதைக்க நேரமில்லாமல் விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். நடக்கமாட்டாத தகப்பனுக்குப் பக்கத்தில் தண்ணிப் போத்தலை வைத்துவிட்டு வந்த மகன் இருக்கிறான். எந்தப் பிள்ளையைத் தூக்குவது என்று ஒரு கணத்தில் முடிவெடுத்த தாய் இருக்கிறா. அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே செல் விழுந்தது. அதிலிருந்து வெளியேறப் பார்த்தவர்களை இயக்கம் மறித்தது, சுட்டது. இரண்டையும் ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியது. கடைசிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் செத்திருக்கலாம் என்றும் எழுதியது. இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், பிடிபடாமல் இருக்க அவசர அவசரமாகக் கலியாணம் முடித்து வைத்தார்கள். உங்கள் அம்மாவுக்குப் பதினேழு வயதில் ஏன் கலியாணம் நடந்தது என்று நீங்கள் ஒருநாள் கணக்குப் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டில் மௌனம் எங்கே தொடங்கியது என்று உங்களுக்கு விளங்கும்.

எங்கள் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வாழ்நாள் முழுவதும் இதைப்பற்றியே எழுதியவர். காயம் தனி ஆளுக்கு மட்டும் அல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் விழுகிறது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. ஊரே இடிந்தபின் ஒருவரை மட்டும் தனியே கூட்டிவந்து மருந்து கொடுத்துக் குணமாக்கிவிட முடியாது. கோவில் திருவிழாவும், எட்டுச் செலவும், திவசமும், பக்கத்துவீட்டு ஆட்களும் திரும்பவும் வந்து சேரவேண்டும். நான் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் மரத்தடியில் வகுப்பெடுத்தபோது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புதுக் கொப்பியில் பெயர் எழுதுவதற்கு முன் என்னிடம் கேட்ட கேள்வி: “ரீச்சர், இந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு நாளைக்கு?” அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் ஒன்றிரண்டு மாதம் இருந்துவிட்டு வேறு இடத்துக்குப் போகும் ஒன்று. அவர்களுக்குக் கணக்கும் தமிழும் படிப்பிப்பதற்கு முன்பு, நாளைக்கும் நான் வருவேன் என்பதைப் படிப்பிக்கவேண்டியிருந்தது. நாளும் போய், அதே மரத்தடியில், அதே நேரத்துக்கு நிற்பதுதான் அதற்கு வழி. பேச்சில் அது நடக்கவில்லை.

அதனால் கேட்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லித்தருகிறேன். இது புத்தகத்தில் படித்ததல்ல.

“என்ன நடந்தது?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இல்லை. அதைக் கேட்டவுடன் முகம் மூடிக்கொள்ளும். சாப்பாட்டைக் கேளுங்கள். “மாத்தளனில் அடுப்புக்கு என்ன எரித்தீர்கள்?” “உப்பு எங்கே வாங்கினீர்கள்?” “ஒரு தேங்காய் என்ன விலை?” “தண்ணிக்கு எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள், உவர்த் தண்ணியா?” இப்படிக் கேட்டால் கதை வரும். கையில் கொண்டுவந்ததைக் கேளுங்கள்: பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, சுவாமிப் படம், தையல் மெசின். விட்டுவிட்டு வந்ததைக் கேளுங்கள். மாட்டை அவிழ்த்துவிட்டார்களா, நாயை என்ன செய்தார்கள். பட்டுச்சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்து பங்கருக்கு அடுக்கியவர்கள் எத்தனையோ பேர். கூறைச்சேலையைக் கூட. எந்த நிறச் சேலை என்று கேளுங்கள். நிறத்தைச் சொல்லத் தொடங்கினால் மற்றதும் மெல்ல வரும்.

இருட்டிய பிறகு கேட்காதீர்கள். அன்றிரவு அவர்களுக்கு நித்திரை வராது. பகலில், கையில் வேலை இருக்கும்போது கேளுங்கள். முருங்கையிலை உருவும்போது, வெங்காயம் கட்டும்போது, வலை தெரியும்போது. கை ஓடிக்கொண்டிருந்தால் வாய்க்குக் கூச்சம் குறைவு. நேருக்கு நேர் இருந்து முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்து நீங்களும் அந்த வேலையைச் செய்யுங்கள். போனை முன்னால் நீட்டாதீர்கள். பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளுங்கள்.

ஓரிடத்தில் கதை நின்றால் நீங்களும் நில்லுங்கள். “பிறகு?” என்று துரத்தக்கூடாது. வேறு நாளைக்கு அவர்களே தொடங்குவார்கள், தொடங்காமலும் விடுவார்கள். அது அவர்களுடைய உரிமை. ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள், திகதி பிசகும், இடம் பிசகும். திருத்தாதீர்கள். இரண்டையும் எழுதுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவர்கள் அழுதால் நீங்கள் பயந்துவிடக்கூடாது. அழுகை வந்தால் நோய் என்று இப்போது நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு ஒப்பாரி இருந்தது. அழுவதற்கு ஆளும் நேரமும் இருந்தன. 2009-இல் செத்தவர்களில் பலருக்கு அது கிடைக்கவில்லை. உங்களுக்கு முன்னால் வரும் அழுகை அந்த நாளில் அழ முடியாமல் போனது.

இப்படி உங்கள் வீட்டுக் கதையைக் கேட்ட பிறகு, மற்ற வீடுகளின் கதையைக் கேட்கும் காது உங்களுக்கு வரும் என்று நம்புகிறேன். அதற்காகவே முக்கியமாக இதை எழுதுகிறேன்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்ன இயக்கம், இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னது. நகையையும் காசையும் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். அந்த மாதத்தில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லாம் சேர்ந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. நாங்கள் வலிகாமத்தைவிட்டு நடந்தது சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30. எங்கள் இடப்பெயர்வை ஒவ்வொரு வருடமும் நினைக்கிறோம். அவர்களுடையதை நினைக்கும் தமிழ் வீடுகள் குறைவு. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள், இடிந்த சுவர்கள் இன்றைக்கும் நிற்கின்றன. திரும்பி வந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்களுடைய உம்மும்மா அன்றைக்கு எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனா என்று கேளுங்கள். காத்தான்குடிப் பள்ளிவாசலில் 1990 ஓகஸ்டில் தொழுகையில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையும் மட்டக்களப்புப் பிள்ளைகள் கேட்டறிய வேண்டும். நமது பக்கத்தில் நடந்த கொடுமையை நாம் சொல்லாவிட்டால், நமக்கு நடந்ததைச் சொல்லும்போது யாரும் நம்பமாட்டார்கள். அதற்கும் மேலே, அது நடந்தது. நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

இதைச் சொன்னதற்காக உயிரைக் கொடுத்தவ ஒருத்தி எங்கள் ஊரில் இருந்தா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ராஜினி திராணகம. இலங்கை இராணுவம், இந்திய இராணுவம், இயக்கம் எல்லோருடைய கொலைகளையும் நண்பர்களோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ என்ற புத்தகத்தில் எழுதினா. 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுடப்பட்டா. அவவுக்கு இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். அவவின் பெயர் தெரியாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை வளரக்கூடாது.

சிங்கள வீடுகளின் கதையும் இருக்கிறது. 1985 மே மாதம் அனுராதபுரத்தில் பஸ் நிலையத்திலும் போதி மரத்தடியிலும் சுடப்பட்டவர்கள் சாதாரண சனம். எல்லைக் கிராமங்களில் இரவு வெட்டப்பட்டவர்களும் அப்படியே. தெற்கிலே 1987 முதல் 1989 வரை ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசாங்கம் அடக்கிய காலத்தில் ஆயிரமாயிரம் சிங்கள இளைஞர்கள் காணாமல் போனார்கள். அவர்களுடைய தாய்மாரும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி 1984-இல் தொடங்கியது. தெற்கில் அதே பெயரில் 1990-இல் தொடங்கியது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு கூட்டம் தாய்மார், ஒரே கேள்வியை ஒரே அரசாங்கத்திடம் கேட்டார்கள். 2010 ஜனவரியில் காணாமல் ஆக்கப்பட்ட ஊடகவியலாளர் பிரகீத் எக்னெலிகொடவின் மனைவி சந்தியா, பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகும் பதில் கிடைக்காமல் முகத்துவாரம் காளி கோவிலில் தலையை மொட்டையடித்துக்கொண்டு நீதி கேட்டா. வடக்கிலே பிள்ளைகளைத் தேடும் எங்கள் தாய்மாரின் போராட்டத்தில் வந்து அவவும் இருந்திருக்கிறா. அவவை எங்கள் சனம் வேற்று ஆளாக நினைக்கவில்லை.

சமாதானம் வருமா என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். பெரியவர்கள் இந்த இடத்தில் கையை விரிப்பார்கள். ஒப்பந்தங்களின் பெயரை அடுக்குவார்கள்: பண்டா–செல்வா 1957, டட்லி–செல்வா 1965, இந்திய–இலங்கை 1987, ரணில்–பிரபா 2002. முதலிரண்டையும் எழுதியவர்களே கைவிட்டார்கள். மூன்றாவதில் பிறந்த மாகாண சபைகளில் எங்கள் வடமாகாண சபைக்கு 2018-இல் காலம் முடிந்தது; அதன்பிறகு தேர்தலே வைக்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் தற்காலிகம் என்று வந்தது, இன்னும் இருக்கிறது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் நான் கையை விரிக்க மாட்டேன். நான் சமாதானத்தின் ஒரு பகுதியையாவது கண்டிருக்கிறேன்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்றுதான் போனோம், ஆனாலும் போனோம். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சிங்களச் சனம் வந்தது. நயினாதீவுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, யாழ்ப்பாணச் சந்தையில் பனங்கட்டியும் புழுக்கொடியலும் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டு போனது. எங்கள் ஆட்கள் கைச்சைகையில் விலை பேசினார்கள். கிழவர்மார் பழைய சிங்களத்தைத் தூசுதட்டி எடுத்தார்கள். 1956, 1958 கலவரங்களுக்கு முன்பு அனுராதபுரத்திலும் காலியிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் அவர்கள். அந்த நாலு வருடத்தில் எங்களுக்கு எதுவும் தீரவில்லை. கடத்தலும் கொலையும் உள்ளே நடந்துகொண்டிருந்தன, பிள்ளைபிடியும் நடந்தது. கடல்கோள் வந்து இரண்டு பக்கத்தையும் அடித்தபோது சேர்ந்து நிவாரணம் கொடுக்கப் போட்ட உடன்படிக்கையைக்கூட 2005-இல் நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டார்கள். 2006 ஓகஸ்டில் பாதை திரும்பவும் பூட்டப்பட்டது. என்றாலும், ஒரே பஸ்ஸில் இருந்து ஒரே பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு போன சனத்தை நான் பார்த்தேன். அது முடியாத காரியம் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது.

2022 மே 18 அன்று கொழும்பு காலிமுகத்திடலில், ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கூடாரம் அடித்திருந்த சிங்கள இளைஞர்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடித்தார்கள், விளக்கேற்றினார்கள். பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு அதே நகரத்தில் போர் வெற்றி என்று பட்டாசு கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். ஒரு நாள் கஞ்சியால் பறிபோன காணி திரும்பி வராது என்று சொன்னவர்கள் உண்டு. வராதுதான். ஆனால் அந்தக் கஞ்சியை வாங்கிய பிள்ளைகள் பலரும் உங்களைப் போலவே, யாரும் தங்களுக்குச் சொல்லாத கதையைத் தாங்களாகவே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அவர்கள் கேட்டபோது சொல்லக்கூடிய ஒரு தமிழ்ப் பிள்ளை பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். அடுத்த முறை அந்தப் பிள்ளை நீங்களாக இருக்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்காகச் சிங்களமும் படியுங்கள். பாடத்துக்காக மட்டுமல்லாமல், சண்டை பிடிக்கவும் சமாதானம் பேசவும் போதுமான அளவு படியுங்கள்.

மறக்காவிட்டால் சமாதானம் வராது என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில் கிளிநொச்சியில் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோவில் முன்றலில் பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் குந்தினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதே காலத்தில் தொடங்கினார்கள். கையில் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளை எங்கே என்பதுதான் கேள்வி. ஆமியிடம், பஸ்ஸில் ஏற்றும்போது, பலபேர் பார்த்திருக்கக் கொடுத்த பிள்ளை. காணாமற்போனோருக்கென்று ஓர் அலுவலகம் சட்டத்தில் வந்தது, கட்டடம் வந்தது, படிவம் வந்தது. பதில் வரவில்லை. கேட்டுக் கேட்டே பல தாய்மார் செத்துப்போனார்கள். இந்தத் தாய்மாரை மறக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. பதில் தெரிந்த அன்றைக்குத்தான் அவர்களுடைய சண்டை முடியும்.

1995-இல் நாங்கள் மழையில் நடந்த அதே செம்மணியில், 1998-இல் ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் நின்று, நூற்றுக்கணக்கானோரைப் புதைத்த இடம் தெரியும் என்றான். பள்ளி மாணவி கிருசாந்தி குமாரசுவாமியையும் தேடிப்போன தாயையும் தம்பியையும் அயலவரையும் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவன் அவன். அடுத்த வருடம் தோண்டி, பதினைந்து பேருடைய எலும்புகளை எடுத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். 2025-இல் அதே பக்கத்தில், சித்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்கு வெட்டியபோது எலும்பு வந்தது. நீதிமன்ற உத்தரவில் தோண்டினார்கள். 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. குழந்தைகளுடையதும் இருந்தன, ஒரு பிள்ளையின் பக்கத்தில் நீலப் புத்தகப் பையும் விளையாட்டுப் பொம்மையும் இருந்தன. மண்ணுக்குள் இருந்ததை அடையாளம் காட்டவேண்டி, எடுத்த பொருள்களைச் சனத்துக்குப் பார்க்க வைத்தார்கள். இந்த மாதிரி இடத்தில்தான் வீட்டுக் கதையின் பெறுமதி விளங்கும். அன்றைக்கு என்ன உடுப்பு, எந்தப் பல் உடைந்திருந்தது, காலில் என்ன செருப்பு, கழுத்தில் என்ன தாயத்து என்று ஒரு தாய்க்குத்தான் தெரியும். அவ செத்துப்போனால், உங்களில் யாராவது கேட்டு எழுதியிருந்தால் ஒழிய, அந்த எலும்புக்குப் பெயர் கிடையாது.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு கொப்பி வாங்குங்கள், நூறு பக்கமாவது இருக்கட்டும். முதற்பக்கத்தில் சொல்பவரின் பெயர், பிறந்த வருடம், பிறந்த ஊர், இருந்த ஊர்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். கேட்ட திகதியைப் போடுங்கள். அவர் பேசுகிறபடியே எழுதுங்கள், பரீட்சைத் தமிழுக்கு மாற்றவேண்டாம். வீட்டில் பழைய படங்கள், கூப்பன் மட்டைகள், முகாம் அடையாள அட்டைகள், செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்து தந்த கடிதங்கள் இருந்தால் போனில் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். மூலத்தை லாமினேற் பண்ணாதீர்கள், பழுதாகிவிடும். எழுதியதில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றதைக் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் மாமாவுக்கோ சித்திக்கோ அனுப்புங்கள். ஒரே இடத்தில் வைத்தால் என்னாகும் என்பதை 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகங்கள் எரிந்தபோது கண்டோம். வீட்டார் சம்மதித்தால் மட்டும் இணையத்தில் இயங்கும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். அவர்கள் 2005 முதல் இந்த வேலையைப் பொறுப்போடு செய்கிறார்கள். யாருக்காவது ஆபத்து வரக்கூடிய பெயர்களை வெளியே கொடுக்கும் பிரதியில் மறைத்துவிடுங்கள்.

எல்லோருக்கும் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். மார்கழி விடுமுறைக்கு அம்மம்மா வீட்டுக்குப் போவீர்கள்தானே.

அன்புடன்,
வன்னியில் படிப்பித்த ஓர் ஆசிரியை